விலாசம் எழுதிய தாள்

41, பார்லி ரோட்,
மோர்டன், லண்டன்.
17.03.2025

கம்சிகாவின் அப்பாவுக்கு,

பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு என் கையெழுத்தைக் கண்டு பயப்படவேண்டாம். இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. பயந்தது நான்தான். நேற்று ரீவியில் மிசூரியைக் காட்டினார்கள். டொர்னாடோ அடித்து ஒரு தெரு முழுவதும் கூரை இல்லாமல் கிடந்தது. ஒரு காலில் மட்டும் சப்பாத்துப் போட்ட வயதான மனிதர் ஒருவர் உடைந்த பலகைகளுக்கு நடுவே நடந்து போனார். நடை உங்களுடையது மாதிரியே இருந்தது. ரீவிக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தேன். வேறு ஆள்.

இந்த விலாசம் சூசைதாசன் நத்தாருக்கு அனுப்பும் கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டையில் இருந்தது. நீங்கள் இன்னும் அவருடைய பெற்றோல் செட்டில்தான் வேலை செய்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதி, போன் நம்பரும் போட்டிருந்தார். எடுக்க மனம் வரவில்லை. போனில் முதல் நிமிசம் சுகம் கேட்போம், இரண்டாம் நிமிசம் சண்டை பிடிப்போம். பிள்ளைக்குக் காது போன நாளில் இருந்து கொப்பியில் எழுதிக் கதைத்துப் பழகிய வீடுதானே இது. எத்தனை கொப்பி முடித்திருப்போம்.

உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போடுங்கள். மனம் இருந்தால் இரண்டு வரி. அக்கா ஸ்பொன்சர் செய்த விசா வந்துவிட்டது, ஆறு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போன ஆள் நீங்கள். அந்த ஆறு மாதம் எப்போது முடியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டது மாதிரி இருந்தால் அந்த வரியை விட்டுவிட்டு வாசியுங்கள்.

சிவகௌரி


வில்லோ ஃபோர்க், மிசூரி
02.04.2025

அன்பின் கௌரிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீர் கேட்ட முதல் வரி அது.

நீர் ரீவியில் பார்த்தது எங்களுக்கு நாற்பது மைல் தள்ளி. இங்கே பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தின் கூரையும், எங்கள் கடையின் பெரிய பெயர்ப்பலகையும் போய்விட்டன. பலகையை இன்னும் காணவில்லை. எங்காவது ஒரு சோளக்காட்டில் நின்று மாடுகளுக்குப் பெற்றோல் விலை சொல்லிக்கொண்டிருக்கும்.

நான் இருப்பது ட்ரெயிலர் வீட்டில். வண்டிச் சில்லுக் கழற்றிய நீளப் பெட்டி என்று வைத்துக்கொள்ளும். சுழற்காற்றில் முதலில் பறப்பது அதுதான். அதனால் கடைக்குப் பின்னால் நிலத்துக்குள் ஒரு அறை கட்டியிருக்கிறார்கள். சண்டைக் காலத்தில் ஊரில் வெட்டிய நம்முடைய பங்கர்தான், சீமெந்தில். மாதத்தின் முதல் புதன்கிழமை மத்தியானம் ஊர்ச் சைரனை அடித்துப் பார்ப்பார்கள். பரீட்சைதான் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் காசு லாச்சியைப் பூட்டிவிட்டு அதற்குள் இறங்கி இருந்துவிட்டுத்தான் வருவேன். “அண்ணை, இண்டைக்குப் புதன்கிழமையெல்லோ” என்று சூசைதாசன் சிரிப்பான். “புதன்கிழமை எண்டு குண்டு போடுற பொம்மருக்குத் தெரியுமோ” என்று நான் கேட்பேன். இன்றும் புதன்கிழமை. உள்ளே இருந்துதான் இதை எழுதுகிறேன்.

நீர் இன்னும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மாதிரியே தாளின் வலப்பக்க மூலையில் முழு விலாசத்தையும் எழுதுகிறீர், அதுவும் ஆங்கிலத்தில், போஸ்ட்கோட்டும் போட்டு. பதினைந்து வருசம் நானும் அந்த வீட்டில் இருந்தேன், கௌரி. வழி தெரியும்.

பிள்ளை எப்படி இருக்கிறாள்? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கப் பயமாக இருந்தது.

ஞானேஸ்வரன்


41, பார்லி ரோட்,
மோர்டன், லண்டன்.
22.04.2025

கம்சிகாவின் அப்பாவுக்கு,

பங்கருக்குள் இருந்து எழுதிய கடிதம் கிடைத்தது. விலாசத்தைப் பற்றி நக்கல் அடிக்கத் தேவையில்லை. சபாரத்தினம் மாஸ்டர் பிரம்போடு நின்று படிப்பித்தது, கை தன்பாட்டில் எழுதிவிடுகிறது.

பிள்ளை சுகம். கலியாணம் முடித்துக் கோலியர்ஸ் வுட்டில் இருக்கிறாள், எனக்கு இரண்டே ஸ்டேஷன். லதீசனை நீங்கள் ஒருமுறை பார்த்திருக்கிறீர்கள், போவதற்கு முன்னம். நல்ல பெடியன். ரயில்வேயில் எலக்ட்ரீசியன். அவளுக்காகச் சைகை பழகிக்கொண்டு வந்தவன். கலியாணத்தில் தாரை வார்க்க என் அண்ணா நின்றார். ஐயர் பெண்ணின் தகப்பன் எங்கே என்று கேட்டபோது நான் மாலைகளை எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

இன்னொரு செய்தி. கார்த்திகையில் அவளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. முப்பத்தைந்து வயதில், எத்தனையோ வைத்தியத்துக்குப் பிறகு.

என்னைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பள்ளிக்கூட சமையலறை வேலையை விட்டாகிவிட்டது. முழங்கால் ஒத்துவரவில்லை. கம்சிகா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். கிழமை முழுவதும் வந்த ஆங்கிலக் கடிதங்களைச் சாப்பாட்டு மேசையில் அடுக்கி வைத்திருப்பேன். எட்டு வயதில் லண்டனுக்கு வந்து தொடங்கிய வேலை அது, இன்னும் அவள்தான் செய்கிறாள். கவுன்சில், ஆஸ்பத்திரி, பெனிபிட், எல்லாவற்றையும் அவளே உடைத்து வாசித்துக் கையால் எனக்குச் சொல்லுவாள். நான் ஒன்றையும் உடைப்பதில்லை. உடைக்கவும் தெரியும், ஓரளவு வாசிக்கவும் தெரியும். ஆனால் கடிதம் இருந்தால் அவள் கொஞ்சம் கூட நேரம் இருப்பாள்.

அவள் போனால் அடுத்த ஞாயிறுவரை வீட்டில் என் குரலை நானே கேட்பதில்லை. போன கிழமை கீழ்வீட்டுக்காரி குட்மோர்னிங் சொன்னாள். பதில் சொல்லத் தொண்டை திறக்கவில்லை.

உங்களுக்கு எழுதுவதை அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிப்பு விட்டுப்போய்விட்டது, கண்டாலும் விளங்காது.

சிவகௌரி


வில்லோ ஃபோர்க்
24.05.2025

அன்பின் கௌரிக்கு,

பிள்ளைக்குப் பிள்ளை. இந்தச் செய்தியைச் சூசைதாசனுக்குச் சொல்லவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. சொன்னதும் அவன் மனைவி தனுஷியா கடையில் நின்ற சனத்துக்கெல்லாம் டோனட் கொடுத்தாள். அன்று பின்னேரம்தான் பக்கத்து மாவட்டத்தில் சுழற்காற்று அடித்தது.

இந்த வருசம் இது எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டோம். அங்கே ஒரு ஊர் இருந்தது, இப்போது ஊரின் வரைபடம்தான் இருக்கிறது. தேவாலயத்தின் படிகள் மட்டும் நிற்கின்றன, ஏறினால் ஒன்றுமில்லை. எங்களுக்குக் காற்று வரவில்லை. ஆனால் சைரன் நின்று கொஞ்ச நேரத்தில் வானத்தில் இருந்து தாள்கள் விழத் தொடங்கின. ஆட்டம் இல்லாமல், மெதுவாக. சம்பளச் சீட்டு, ஒரு பிள்ளையின் ரிப்போர்ட், கலியாணப் படம், நெஞ்சு எக்ஸ்ரே, யாரோ கையால் எழுதிய கேக் செய்முறை. ஐம்பது அறுபது மைல் காற்றிலேயே வந்திருக்கின்றன.

ஊர் நூலகத்தில் மேசைகளைப் போட்டுச் சனம் அவற்றைச் சேர்க்கிறது. நானும் வேலை முடியப் போகிறேன். ஈரப் படங்களைப் பேப்பருக்கு நடுவில் வைத்து உலர்த்துவது என் அலுவல். தனுஷியா போனில் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட, உரியவர்கள் தேடி வருகிறார்கள். நேற்று ஒருவர் வந்து மனைவியின் படத்தை வாங்கிக்கொண்டு போய்க் காருக்குள் ஒரு மணித்தியாலம் இருந்தார். அவருக்கு வேறொன்றும் மிஞ்சவில்லையாம். எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒரு மேசை இருந்திருந்தால் என்று நினைத்தேன். பிறகு வேலையைப் பார்த்தேன்.

கௌரி, ஒரு விசயம் கேட்க வேண்டும். கார்த்திகையில் நான் வரட்டா? ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று இல்லை. தூர நின்று ஒருமுறை பார்த்தால் போதும். கம்சிகாவுக்கு என்னில் இன்னும் கோபமா என்று தெரியவில்லை. நான் போவதற்கு முதல் கிழமை அவள் லதீசனுக்கு என்னை அறிமுகப்படுத்தியது நினைவிருக்கும். எனக்குச் சைகை தெரியாது. ஆனால் இரண்டு காதையும் பொத்திவிட்டு என்னை நோக்கி விரலை நீட்டினாள், அது விளங்கியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்க என்னால் ஏலாமல் போய்விட்டது.

அவளிடம் கேட்டுச் சொல்லும். இல்லை என்றாலும் சொல்லும்.

ஞானேஸ்வரன்


41, பார்லி ரோட்,
மோர்டன், லண்டன்.
18.06.2025

கம்சிகாவின் அப்பாவுக்கு,

கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்கிறாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மனத்தைக் குழப்பக்கூடாது என்று நானும் வற்புறுத்தவில்லை.

இங்கே வெக்கை தாங்க முடியவில்லை. யன்னல் பாதிதான் திறக்கும், கவுன்சிலுக்கு எழுதிப் போட்டிருக்கிறது. கம்சிகாவுக்குப் புளி ஆசை. ஈஸ்ட் ஹாம்வரை போய்ப் பச்சை மாங்காய் வாங்கி வந்தேன். போகவர மூன்று மணித்தியாலம். அவள் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றாள். மிச்சத்தை நான் கிழமை முழுவதும் தின்றேன்.

கவனமாக இருங்கள். சைரன் கேட்டால் இறங்குங்கள், யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

சிவகௌரி


வில்லோ ஃபோர்க்
20.07.2025

அன்பின் கௌரிக்கு,

கடிதம் கிடைத்தது. சரி. பிள்ளை அப்படிச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அவளிடம் கேட்டீரே, அதற்கு நன்றி. அந்தக் கேள்வியைக் கையால் கேட்க உமக்கும் கஷ்டமாக இருந்திருக்கும்.

ஊர் மெலிந்துகொண்டு வருகிறது. கூரை போன பள்ளிக்கூடத்தைத் திறக்கமாட்டார்களாம், பிள்ளைகள் இருபது மைல் பஸ்ஸில் போகவேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத ஊரில் யார் இருப்பார்கள். காலையில் கோப்பி வாங்க வரும் எட்டுப் பேரில் மூன்று பேர் வீட்டை விற்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மிஞ்சிய ஆட்கள் மேகத்தைப் பார்த்துப் பார்த்துக் கதைக்கிறார்கள். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கடைக்குள் எல்லாரும் ஒரேயடியாகப் பேச்சை நிறுத்துகிறார்கள். எனக்கு அது பழகிய சத்தமில்லாமை. இந்த ஊரில் முதல்முறையாக என்னை அந்நியமாகப் பார்க்காத வருசம் இது.

பக்கத்து ட்ரெயிலரில் ஒரு இளம் தாயும் நாலு வயதுப் பெண்பிள்ளையும் இருக்கிறார்கள். அந்தத் தாய் ஒரு மஞ்சள் கம்பளித் தொப்பி பின்னித் தந்தாள், “உன் பேத்திக்கு” என்று. பேத்தியா பேரனா தெரியாது என்று சொன்னேன். மஞ்சள் இரண்டுக்கும் பொருந்துமாம். இத்துடன் அனுப்புகிறேன். யார் தந்தது என்று பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை.

ஞானேஸ்வரன்


41, பார்லி ரோட்,
மோர்டன், லண்டன்.
09.09.2025

கம்சிகாவின் அப்பாவுக்கு,

ஒரே ஒரு தாள் எடுத்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் எழுதி முடிக்கவேண்டும். இரண்டாவது தாளுக்குப் போனால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

நான் பிள்ளையிடம் கேட்கவே இல்லை. நீங்கள் வரட்டா என்று கேட்டதை அவள் அறியமாட்டாள். வேண்டாம் என்றது அவள் இல்லை, நான். நீங்கள் அதற்கு நன்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதம் வந்து ஐந்து கிழமையாக அந்தத் தொப்பி மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

ஏன் கேட்கவில்லை என்றும் எழுதிவிடுகிறேன். தொண்ணூற்றைந்து ஐப்பசி. மூன்று நாள் விடாத மழை. வளவுக்குள் வெட்டிய பங்கரில் தண்ணீர் நின்றது. பிள்ளைக்கு நூற்றிரண்டு காய்ச்சல். பொம்மர் சத்தம் கேட்டவுடன் நீங்கள் அவளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டீர்கள். நான்தான் குறுக்கே நின்றேன். “காய்ச்சல்காரப் பிள்ளையைத் தண்ணிக்கை இறக்கிக் கொல்லப்போறியளோ” என்று கத்தினேன். நீங்கள் திரும்பி வந்து அவளைக் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்தீர்கள். இரண்டு வீடு தள்ளிக் குண்டு விழுந்தது, அந்தச் சத்தத்தோடு பிள்ளையின் காது போனது. தண்ணீருக்குள் இறங்கி நின்ற அயலட்டை ஆட்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பன்னிரண்டு வயதில் அவள் கொப்பியில் கேட்டாள், நாங்கள் ஏன் பங்கருக்குப் போகவில்லை என்று. அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று எழுதினேன். யோசித்து எழுதவில்லை, பேனா எழுதிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு திருத்த இருபத்துமூன்று வருசம் இருந்தது. அவள் உங்களிடம் இருந்து விலக விலக என்னோடு ஒட்டினாள். அது எனக்கு வேண்டியிருந்தது. உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் நின்று நான்தானே இரண்டு பக்கமும் சொன்னேன். சொன்னதில் எத்தனை சரி, எத்தனை பிழை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் வந்தால் கதை வரும். கதை வந்தால் அவள் போய்விடுவாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறொன்றும் இல்லை. இதுதான் காரணம். தாள் முடிகிறது.

சிவகௌரி


வில்லோ ஃபோர்க்
30.09.2025

அன்பின் கௌரிக்கு,

எனக்குத் தெரியும்.

பொம்மர் வந்த அன்றைக்கு யார் என்ன சொன்னது என்று மறக்க நான் வேறெங்காவதா நின்றேன்? கொப்பியில் நீர் எழுதிய வரியையும் எழுதிய அன்றைக்கே பார்த்தேன். மேசையில் விரித்தபடி கிடந்தது. பக்கத்தில் உம்முடைய தேத்தண்ணிக் கோப்பை. அதைக் குடித்து முடித்துவிட்டு, கொப்பியை மூடி வைத்தேன்.

கோபம் வந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பிறகு யோசித்தேன். ஒருவரில் கோபம் என்றால் பிள்ளை மற்றவரிடம் போய் இருக்கலாம். இரண்டு பேரிலும் என்றால் எங்கே போவாள். காது கேளாத பிள்ளை, புது நாடு. அதோடு, நீர் குறுக்கே நின்றாலும் பிள்ளையைத் திருப்பிக்கொண்டு வந்த கை என்னுடையதுதானே. பத்து வருசம் தாங்கினேன். அதற்குமேல் ஏலவில்லை, வந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். இதை அவளுக்குச் சொல்லவேண்டாம். பிள்ளைப்பெறு நெருங்குகிற நேரத்தில் தாய் அவளுக்கு வேண்டும். உம்முடைய கடிதத்தை மற்றக் கடிதங்களோடு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்துவிட்டேன். அதற்குள்ளேயே இருக்கட்டும். நான் எப்போது வரலாம் என்று நீரே பார்த்துச் சொல்லும். அவசரம் இல்லை.

ஞானேஸ்வரன்


41, பார்லி ரோட்,
மோர்டன், லண்டன்.
10.11.2025

கம்சிகாவின் அப்பாவுக்கு,

ஆறாம் திகதி பெண்பிள்ளை பிறந்தது. மயூரா என்று பெயர். தாயும் பிள்ளையும் சுகம். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் குழந்தையின் காதுக்குள் சின்ன மூடி வைத்துப் பரிசோதித்தார்கள். கம்சிகா அந்த மெசினில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு காதும் கேட்கிறது என்று தாதி சொன்னாள். நான் அதைக் கம்சிகாவுக்குக் கையால் சொன்னேன். அதில் ஒரு பிழையும் விடவில்லை.

தொப்பியைக் கொடுத்துவிட்டேன். ஒரு தெரிந்த ஆள் அனுப்பியது என்றேன். போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

நீங்கள் சொல்லவேண்டாம் என்று எழுதியது எனக்கு வசதியாகப் போய்விட்டது. அது எனக்கே வெட்கமாக இருக்கிறது. பங்குனியில் வாருங்கள். அதற்குள் நானே அவளுக்குச் சொல்லிவிடுகிறேன். உண்மையாகத்தான்.

சிவகௌரி


வில்லோ ஃபோர்க், சூசைதாசன் வீடு
23.11.2025

அன்பின் கௌரிக்கு,

மயூராவின் செய்தி வந்து மூன்றாம் நாள் இங்கே அடித்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் காயம் இல்லை. வீடு இல்லை.

பின்னேரம் இரண்டு மணி. கார்த்திகையில் வராது என்று எல்லாரும் இருந்தார்கள். சைரன் அடித்ததும் நான் பக்கத்து ட்ரெயிலருக்கு ஓடி அந்தத் தாயையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வந்தேன். நிலவறைக் கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர். இரண்டு நாள் மழை இறங்கியிருக்கிறது. என் முழங்காலுக்கு மேலே வரும். அந்தத் தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிள்ளைக்குத் தடிமன், இந்தக் குளிரில் தண்ணீருக்குள் எப்படி இறக்குவது என்று கேட்கிறாள். கௌரி, அவள் கேட்டது ஆங்கிலத்தில், எனக்குக் கேட்டது உம்முடைய குரலில்.

பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினேன். தாயும் பின்னால் வந்தாள். கதவைச் சாத்தினோம். நாலு நிமிசம் இருக்கும். பிள்ளையின் காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

அவ்வளவுதான் செய்திருக்க வேண்டும். தோளில் வைத்துக்கொண்டு நின்றிருக்கலாம். முப்பது வருசத்தில் ஒருநாள்கூட எனக்கு அது தோன்றவில்லை. உமக்குத் தோன்றியதா?

வெளியே வந்தபோது என் வீடு இருந்த இடத்தில் குழாய் மட்டும் தண்ணீர் பீச்சிக்கொண்டு நின்றது. தகரமும் போய்விட்டது, உம்முடைய கடிதங்களோடு. ஊரில் ஐந்து பேர் இல்லை. காலையில் கோப்பி வாங்க வருபவர்களில் ஒருவரும் அதில். நூலகத்தில் திரும்பவும் மேசை போட்டிருக்கிறார்கள். இந்தமுறை எங்கள் தாள்கள் வேறு யாரோ ஊரில் விழுந்திருக்கும்.

பங்குனிக்கு வருகிறேன்.

ஞானேஸ்வரன்


41, பார்லி ரோட்,
மோர்டன், லண்டன்.
28.12.2025

கம்சிகாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இந்த மாதத் தொடக்கத்தில் கிடைத்தது. தோளில் வைத்திருக்கலாம் என்பது எனக்கும் தோன்றியதில்லை. அதை வாசித்த நாளில் அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். பன்னிரண்டாம் திகதி அமெரிக்க முத்திரையோடு ஒரு பெரிய உறை வந்தது. என் பெயரும் விலாசமும் ஆங்கிலத்தில் தட்டச்சு. அனுப்பிய பெயர் தெரியாத பெயர். வீடு போன ஆள் நீங்கள், ஏதோ அரசாங்கக் கடிதமாக்கும் என்று நினைத்தேன். நீங்கள் இருக்கும் இடத்தை இனியும் மறைக்க முடியாது, ஞாயிறு வந்ததும் அவளுக்குச் சொல்லிவிட்டு இதை வாசிக்கச் சொல்லுவோம் என்று மற்றக் கடிதங்களோடு மேசையில் வைத்தேன். உடைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இருபத்தேழு வருசத்துப் பழக்கம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கொண்டுவந்தாள். நான் பத்தியக் கறிக்குச் சரக்கு அரைத்துக்கொண்டு நின்றேன். சாப்பிட்ட பிறகு உங்களைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். அதற்குள் அவள் வழக்கம்போல உறைகளை உடைத்துவிட்டாள். உள்ளே என்னுடைய தாள் இருந்தது. புரட்டாதியில் எழுதிய அந்த ஒரே தாள், ஓரம் கிழிந்து, மண் ஊறி. எங்கோ பக்கத்து மாநிலத்தில் ஒரு பண்ணைக்காரி மாட்டு வேலியில் இருந்து எடுத்திருக்கிறாள். மேல்மூலையில் விலாசம் இருந்ததால் அந்த விலாசத்துக்கே அனுப்பியிருக்கிறாள். உங்களுக்குச் சிரிப்பு வரும், சிரியுங்கள்.

சும்மா அனுப்பியிருந்தால் அவளுக்கு விளங்கியிருக்காது. அந்த மனுசி நல்ல மனத்தோடு, அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஸ்ரீநிதி என்ற தமிழ்நாட்டுப் பிள்ளையிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதுவித்திருக்கிறாள். அந்தப் பிள்ளை ஒரு வரி விடவில்லை. எத்தனை வருசம் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான் பிழையாகச் சொன்னதை, முகம் தெரியாத ஒரு பெட்டை சரியாகச் சொல்லிவிட்டாள்.

கம்சிகா இரண்டுதரம் வாசித்தாள். முதல்தரம் நான் கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், இரண்டாம்தரம் வாசிக்கும்போதுதான் திரும்பி அவள் கையில் என் தாளைக் கண்டேன். அவள் கையால் கேட்டாள், “தண்ணி எவ்வளவு நிண்டது?” என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். “எனக்கு?” என்றாள். இடுப்பில் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் மயூராவைப் பார்த்தாள். பிறகு, “என்னைத் தூக்கி வச்சிருக்கலாமே” என்றாள். நீங்கள் எழுதியதையே அவளும் கேட்டாள். நான் அடுப்பை அணைத்தேன்.

பிள்ளைக்குத் தொப்பியைப் போட்டாள். போடுமுன் அதைத் திருப்பிப் பார்த்து, “அப்பாவா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். சாப்பிடாமல் போய்விட்டாள். கறியை மூன்று நாள் சூடுகாட்டி வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. கடிதங்கள் மேசையில் கிடக்கின்றன. நேற்று லதீசன் மட்டும் வந்து வாசலில் நின்று சொன்னான். தை பத்தாம் திகதிக்கு உங்களுக்கு டிக்கெட் போடுகிறாளாம், உங்களைப் பிடிக்க ஒரு நம்பர் என்னிடம் வாங்கி வரச் சொன்னாளாம், சூசைதாசனுடையதைக் கொடுத்தேன். கோலியர்ஸ் வுட்டில் சின்ன அறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறாள். உங்களுக்குச் சைகை தெரியாது என்று புதுக் கொப்பி ஒரு கட்டு வாங்கியிருக்கிறாளாம். அமெரிக்காவில் இருந்த உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக எழுத வரும்தானே. இனி நடுவில் நான் தேவையில்லை. “மாமி, கொஞ்சம் டைம் குடுங்கோ” என்றான். உள்ளே வரச் சொன்னேன், கார் பார்க்கிங் இல்லை என்று போய்விட்டான்.

பங்குனி என்று தள்ளவேண்டாம். வாருங்கள். ஹீத்ரோவுக்கு நான் வரமாட்டேன், அவள் வருவாள். குளிர் கடுமை, தடித்த கோட் போடுங்கள். பிள்ளையை ஆசைதீரத் தூக்கி வைத்திருங்கள். பாட்டுப் பாடுங்கள், அதற்குக் கேட்கும்.

பிறகு, அவளுடைய மனம் கொஞ்சம் இளகியிருக்கும் ஒரு நேரம் பார்த்து, அந்தக் கொப்பியில் என்னைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். நான் உங்களைப் பற்றி எழுதாமல் விட்ட வரி மாதிரி ஒன்று. கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன். விலாசம் மேலே எழுதியிருக்கிறேன்.

சிவகௌரி